வெள்ளைத் தலைக்கு எந்தக் கட்டம்?

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள், சர்வே ஷீட்டில் நான் போட்டது இரண்டு பூஜ்யம். படகைச் சுற்றிக் கடற்காகங்கள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

அதற்கு முன் மும்பை குர்லாவில் ஒரு பட்டறையில் ஸ்க்ரூ செக்கிங் பார்த்தேன். அதை விட்டுவிட்டுத்தான் கழிமுகத்தில் பறவை எண்ணும் கம்பெனிக்கு வந்தேன். டீம் லீடர் ராமநாதன் சார், மாட்டுங்காக்காரர். கருந்தலைக் கடற்காகத்துக்கு ஒரு கட்டம், பழுப்புத்தலைக்கு ஒரு கட்டம், ஷீட் தப்பானால் மறுநாள் வர வேண்டாம் என்று படகில் ஏறும்போதே சொல்லிவிட்டார். பட்டறையில் என் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று. திரும்பிப் போக வழியில்லை.

அது ஜனவரி மாதம். எந்தப் பறவைக்கும் கறுப்புத் தலையும் இல்லை, பழுப்புத் தலையும் இல்லை. எல்லாம் வெள்ளை. காதுப் பக்கம் மட்டும் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு புள்ளி.

"என்னம்மா இது, கண்ணு முன்னாடி இத்தனை பர்ட் பறக்கறது, ஸீரோ போட்டிருக்கே?" என்றார் சார்.

குளிர்காலத்தில் இரண்டுக்கும் தலை வெளுத்துவிடுமாம். புள்ளி கறுப்பாக இருந்தால் கருந்தலை, பழுப்பாக இருந்தால் பழுப்புத்தலை. போன வருஷமும் அப்படித்தான் எண்ணி ரிப்போர்ட் கொடுத்தாராம்.

ஒரே பறவையை விடாமல் பார்த்தேன். நிழலில் கறுப்பாக இருந்த புள்ளி வெயிலில் பழுப்பானது.

"சார், இது இப்பம் கறுப்பா இருந்துச்சு, வெயில் பக்கம் திரும்புனதும் பழுப்பாயிட்டு. ரெண்டு கட்டத்துலயும் எழுதவா?"

சார் முறைத்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

பட்டறையில் தலை ஒரே மாதிரி இருக்கும் ஸ்க்ரூக்களை, உடம்பில் சுற்றி ஓடும் மரையைப் பார்த்துத்தான் பிரிப்போம். இதற்கும் ஒரு மரை இருக்கும் என்று தேடினேன். பக்கத்துப் படகில் ஜனங்கள் காட்டியா என்ற கடலைமாவு நொறுக்கை வீச, பறவைகள் முகத்துக்கு நேரே வந்தன. சிலவற்றுக்குக் கண் வெளிறி, அலகு தடித்திருந்தது. இறக்கையை விரித்தால் கறுப்பு நுனியில் வெள்ளைப் பொட்டு. மற்றவற்றுக்குக் கண் கறுப்பு, இறக்கையின் முன்விளிம்பில் வெள்ளைப் பட்டை.

சொன்னேன். சார் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். பிறகு புது ஷீட் ஒன்றை நீட்டி, வெளிறிய கண் பழுப்புத்தலை, கறுத்த கண் கருந்தலை என்று முதலிலிருந்து எண்ணச் சொன்னார்.

கரை இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு ஆறு மணிக்கே வந்துடு. போன வருஷ ரிப்போர்ட்டைப் பத்தி ஆபீஸ்ல மூச்சு விடாதே."

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தலையை விடுங்கள், கண்ணையும் இறக்கையையும் பாருங்கள். இளம் பறவையின் கண் ஏமாற்றும், அப்போது இறக்கையை நம்புங்கள்.

ஆபீஸில் நான் இன்றுவரை மூச்சு விடவில்லை. இதை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.