பதினெட்டு வசனமும் ஒரு கேள்வியும்

சித்தூர் மிஷன் பள்ளியின் பெண்கள் விடுதியில் மகளைச் சேர்க்கச் சபைக் கடிதம் கேட்பார்கள். இந்தக் குடும்பம் எங்கள் சபையைச் சேர்ந்தது என்று ஊர்க் கிறிஸ்தவச் சபையை நடத்தும் உபதேசியார் எழுதித் தருவது அது. என்னிடம் இல்லை. எந்த ஊர்ச் சபையிலும் நான் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. சித்தூர் அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. வேலை தேடி அந்த மாகாணத்தில் பாதியை நடந்தே பார்த்திருந்தேன். திருப்பதியில் ரயில் பாதைக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தபோது மனைவி வாந்திபேதியில் போனாள். எட்டு வயதுப் பெண்ணைக் கல் உடைக்கும் இடத்தில் வைத்துக்கொள்ள முடியாது. பள்ளி மறுத்தால் அவளுக்கு வேறு இடம் இல்லை.

கடிதத்துக்குப் பதிலாக பைபிள் வசனம் போதும் என்று நினைத்தேன். அதே மிஷனின் பையன்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து ஓடிப்போனவன் நான். கணக்கு வராது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வசனம் ஒப்பித்து இரண்டு முறை சட்டைத்துணி பரிசு வாங்கியிருக்கிறேன். மிஷன் பள்ளிக்கூடம் இருப்பதே அதற்குத்தான் என்று மனதில் பதிந்துவிட்டது.

திருப்பதியிலிருந்து மூன்று நாள் நடை. வழியெல்லாம் மகளுக்குப் பதினெட்டு வசனம் சொல்லிக் கொடுத்தேன். புத்தலப்பட்டில் கேழ்வரகு மாவு தீர்ந்தது. அடுத்த வேளைக்கு என்ன செய்வதென்று ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கடலைக்காய் பிடுங்கும் வேலை கிடைத்தது. கூலியாகக் கிடைத்த கடலைக்காயைத் தின்றுகொண்டே அவள் மீதி வசனங்களைப் பாடம் செய்தாள்.

தலைமை ஆசிரியை நடுவயதுத் தமிழ் அம்மாள். என் மகள் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வசனமும் தடுமாறாமல் ஒப்பித்தாள். நான் பரிசு வாங்கியவன்போல நின்றேன்.

அந்த அம்மாள் முகத்தில் மாற்றமில்லை. பெண்ணை எதற்குப் படிக்க வைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். நர்சம்மாவோ டீச்சரம்மாவோ ஆகட்டும், வசனமும் மறக்காமல் இருக்கட்டும் என்றேன்.

"ஒப்பிக்கிறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குங்க, வீடே போதுமே," என்றவர் மகள் பக்கம் திரும்பினார். "இதுல உனக்குப் புரியாதது எதுனா இருக்குதா?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லும்படி கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு இன்னா துன்றதுன்னு கவலைப்படக் கூடாதுன்னு ஒரு வசனம் இருக்குதே, அது புரியல," என்றாள். "நைனாதான் சொல்லிக் குடுத்துச்சு. புத்தலப்பட்டுல நைனாவே கவலைப்பட்டுக்கினு உக்காந்துகினு இருந்துச்சு."

இடம் போயிற்று என்றே நினைத்தேன். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"எனக்கும் அது முழுசாப் புரியலம்மா. இங்க இருந்து படி, சேந்து பாக்கலாம்."

எனக்கு ஒரு நிபந்தனை வைத்தார். விளைச்சலைக் காணிக்கை வைக்கும் அடுத்த அறுப்பின் பண்டிகைவரை இந்தச் சபைக்கு ஒழுங்காக வந்து கடிதம் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அவளுக்கு இடம் இல்லை. நடுவில் அழைத்துக்கொண்டு போகவும் கூடாது.

பங்காருபாளையத்தில் மாந்தோப்பு வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிறு ஆராதனைக்காகச் சனிக்கிழமைதோறும் சித்தூருக்கு நடப்பேன். இரண்டு சனிக்கிழமை மட்டும் கால் சும்மா இருக்காமல் பெங்களூர் ரோட்டில் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு தடவையும் ஞாயிறு கழித்துத் திரும்பி வந்தேன்.

பண்டிகை முடிந்ததும் உபதேசியார் கடிதம் எழுதினார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் சபைக் கடிதம். பள்ளி வாசலில் மகளிடம் கொடுத்தேன். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"தவறாம வர்றாருன்னு எழுதியிருக்குது. ரெண்டு ஞாயித்துக்கிழமை நீ வரலியே நைனா?"

இந்த முறை நான் கண்ணைக் காட்டவில்லை. "டீச்சரம்மாகிட்ட அதையும் சொல்லு," என்றேன்.

உள்ளே போனாள். சற்று நேரத்தில் அந்த அம்மாளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கடிதம் திரும்பி வரவில்லை. மகள் பலகையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.