மதகடியில் வைத்த ஐநூறாவது

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை நன்னிலத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையில் நின்றபோது வந்த கோபம் நியாயமான கோபம் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதில் பாதி நியாயமாவது என் பக்கம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன்.

நாங்கள் அங்கே எதற்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் எங்காவது ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. எனக்குத் தெரிந்து தஞ்சாவூரில் இதை விளையாடுகிறவர்கள் நாலே பேர். டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நான், நாங்கள் பாய் என்று கூப்பிடும் ஜவுளிக்கடை நண்பர், வங்கியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், பிறகு தோழி. உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா என்று என் மனைவி கேட்பாள். இருக்கிறது, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறோம்.

தோழி பத்து வருடம் சிங்கப்பூரில் ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருந்தவர். இந்த விளையாட்டு அங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டது. நானூற்றைம்பதுக்கு மேல் அங்கேயே எடுத்துவிட்டார். தஞ்சாவூருக்குத் திரும்பிய பிறகு எண்ணிக்கை ஏறவே இல்லை. இங்கே யாராவது ஒளித்துவைத்தால்தானே தேட முடியும்? அவருக்காகவே நாங்கள் மூன்று பேரும் வைக்க ஆரம்பித்தோம். திருவையாற்றில் ஒன்று, வேதாரண்யம் உப்பளச் சாலையில் ஒன்று என்று வைத்து வைத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றது.

அவரிடம் ஒரு கறார் உண்டு. தன் கண்ணால் தானே தேடி எடுத்தால்தான் கணக்கு. வேதாரண்யத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் உதவி செய்வதாக நினைத்து, "அந்தப் புளியமரத்துப் பொந்துல பாருங்கம்மா" என்று சொல்லிவிட, அவ்வளவு தூரம் போனவர் அதைத் தொடாமலே திரும்பி வந்தார். ஆறு மாதம் கழித்து நான் இடத்தை மாற்றிவைத்த பிறகுதான் மறுபடி போனார்.

ஐநூறாவதைப் பற்றி அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நூறாவது, இருநூறாவது, எல்லாமே தனியாத்தான் எடுத்தேன். எடுத்துட்டு பஸ் ஏறி ரூமுக்கு வந்து தூங்கிடுவேன். ஐநூறாவதுக்கு நீங்க மூணு பேரும் பக்கத்துல இருக்கணும்." இதைச் சொன்னபோது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் சும்மா இருப்போமா?

பெட்டி என் பொறுப்பு. முக்கால் அடி பி.வி.சி. குழாயை வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, உள்ளே ஒரு குட்டி நோட்டும் பென்சிலும் வைத்தேன். மேலே ஒரு ஸ்டிக்கர், அதில் விளையாட்டின் பெயர் ஆங்கிலத்தில், கீழே அட்சரேகை எண்கள். என் சொந்த ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வாய்க்கால் கரையில் ஒரு பழைய செங்கல் மதகு இருக்கிறது. அதன் அடியில் ஈரமண்ணில் மூடி மட்டும் தெரிகிற மாதிரி செருகிவைத்தேன். பாய் நான்கு பேருக்கும் ஒரே மாதிரி டீஷர்ட் அடித்துக்கொண்டு வந்தார். கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை, முதுகில் பெரிதாக 500. வங்கி நண்பர் திருவையாற்றுக்குப் போய் ஒரு டப்பா அசோகா அல்வா வாங்கி வந்தார்.

அன்றைக்குக் காலை எட்டரை மணி இருக்கும். சம்பா கதிர் விட்டிருந்தது. ஒளித்தவன் பக்கத்தில் போய் நிற்கக் கூடாது என்பதால் நாங்கள் மூன்று பேரும் இருபது முப்பது அடி தள்ளி நின்று கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம். தோழி தன் கைப்பேசியைப் பார்த்தபடி கரையோரம் நடப்பார், நிற்பார், குனிவார், நாலடி பின்னால் போவார். எங்களுக்கு இது பழகிப்போன காட்சி. மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒரு பைக் வந்து நின்றது. அடுத்து இன்னொன்று. பத்து நிமிடத்தில் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"யாரு நீங்கள்லாம்? எந்தக் கம்பெனி?" என்று முதலில் வந்தவர் கேட்டார்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் பூமிக்கடியில் இருக்கும் எரிவாயுவை எடுக்கப் போகிறோம், வயல் வழியாகக் குழாய் பதிக்கப் போகிறோம் என்று ஒரு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அவர்களும் இப்படித்தான் ஒரே நிறச் சட்டையில், கையில் கருவியைப் பார்த்துக்கொண்டே வரப்பில் நடந்தார்கள். அடுத்த மாதம் வயலில் கல் நட்டிருந்தது. ஊர் ஊராகப் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்று சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு. கடையைப் பூட்டிவிட்டு வந்து நான்கு நாள் அந்தச் சாமியானா பந்தலில் வெயிலில் காய்ந்தவன் நான், மைக் பிடித்துப் பேசியவன்.

அப்படிப்பட்ட என்னைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று கேட்டால் எப்படி இருக்கும்?

"கம்பெனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெளையாட வந்திருக்கோம்" என்றேன். நாற்பத்தாறு வயது ஆள், காதோரம் நரைத்துப்போய், கிளிப்பச்சைச் சட்டையில் நின்றுகொண்டு சொன்ன பதில் அது. ஒருவரும் நம்பவில்லை. நம்பாததில் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு மண்டை சூடேறியது.

பாய் பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். ஒளித்துவைப்பது, தேடுவது, பெயர் எழுதுவது என்று அவர் சொல்லச் சொல்ல அவர்களின் முகம் இன்னும் இறுகியது. "எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று ஒருவர் கேட்டார். அந்த நேரம் பார்த்து என் கண் என்னை அறியாமல் மதகடிக்குப் போய்விட்டது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். தோழி இன்னும் பத்தடி தூரத்தில் இருந்தார், அந்த ஆள் இறங்கிப் போய் மண்ணிலிருந்து குழாயைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார்.

"இங்க பாருங்க. நம்பர் போட்டு நட்டிருக்கானுங்க."

ஒரு மாதமாகத் திட்டம் போட்ட ஐநூறாவது, தேட வேண்டியவர் கைக்கு வராமல் யாரோ ஒருவர் கையில் இருந்தது. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். நான் யார் தெரியுமா, பக்கத்து ஊர்க்காரன், இன்னாருடைய மகன், பந்தலில் உட்கார்ந்தபோது நீங்களெல்லாம் எங்கே இருந்தீர்கள் என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

மதகை ஒட்டின வயலிலிருந்து ஓர் அம்மாள் ஏறி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், முழங்கால் வரை சேறு. வயல் அவருடையது. குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவரு மகனா நீங்க? நெலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு டவுனுக்குப் போனவங்கதான?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பாய் அசோகா டப்பாவைத் திறந்து நீட்டினார். ஒருவரும் கை நீட்டவில்லை. இந்த நேரத்தில் வங்கி நண்பர் தோழியின் காதருகில் போய், "அக்கா, அந்தப் பைப்ப வாங்கி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. கணக்குக்கு ஆச்சு, யாரு பாக்கப் போறா" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. ஆனால் தோழி அப்படிச் செய்துவிட்டால் தேவலை என்றும் உள்ளுக்குள் இருந்தது. அதை மறைப்பானேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார். "இத வைக்கிறதுக்கு யாரைக் கேட்டீங்க?"

"வாய்க்கா கரைதானம்மா. பொது எடம்."

"கரைய வருஷா வருஷம் மண்ணு போட்டுக் கட்டுறது நாங்க. ஒடஞ்சா முழுகுறது என் வயலு. அந்தக் கம்பெனிக்காரனுங்களும் ஊர்ல எல்லாரையும் கேட்டாச்சுன்னுதான் பேப்பர்ல எழுதி வச்சிருந்தானுங்க. யாரைக் கேட்டானுங்கன்னு இன்னை வரைக்கும் தெரியல."

தோழி அப்போதுதான் வாய் திறந்தார். அவர் கேட்டது என்னிடம். "அண்ணா, நீங்க கேட்டுட்டுத்தான வச்சீங்க? ஃபார்ம்ல டிக் பண்ணியிருப்பீங்களே."

பெட்டியை இணையத்தில் பதிவு செய்யும்போது ஒரு கேள்வி வரும். இடத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கிவிட்டீர்களா என்று. கட்டத்தில் டிக் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். நான் போட்டிருந்தேன். வைத்த ஒவ்வொரு பெட்டிக்கும் யோசிக்காமல் போட்டுக்கொண்டே வந்தவன், இதற்கும் போட்டேன். எங்கள் பக்கம்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பு. ஊரைக் கேட்டதாகப் பொய் எழுதிவிட்டார்கள் என்று பந்தலில் நான் மைக்கில் கத்திய கத்தல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

தோழி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு அந்த அம்மாளிடம் திரும்பி, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். குழாயை அவர் தொடவில்லை. கைப்பேசியில் ஏதோ எழுதினார், பிறகு பாயின் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் நான் ஒருவனே பேசிக்கொண்டு வந்தேன். படிப்பறிவில்லாதவர்கள் என்றேன். சந்தேகப் பிராணிகள் என்றேன். ஒரு மனுஷன் ஒரு நல்ல காரியத்துக்குக் கூடக் கரையில் நிற்க முடியாதா என்றேன். பாய் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார், அவர் எதற்கும் தலையை ஆட்டுவார். தோழி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டீஷர்ட்டின் மேல் துப்பட்டாவைப் போர்த்தியிருந்தார்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் என் பெட்டியின் பக்கத்தைத் திறந்தால், அவர் எழுதியது எல்லோரும் படிக்கும்படி அங்கே கிடந்தது. "கிடைக்கவில்லை. உரியவரைக் கேட்காமல் வைக்கப்பட்டது."

உடனே போன் போட்டேன். "உங்களுக்காக ஒரு மாசம் அலைஞ்சவன் நான். ஊர் உலகமெல்லாம் படிக்கிற எடத்துல என்னை இப்படி எழுதலாமா?"

"உங்கள மட்டும் சொல்லலண்ணா" என்றார். "அங்க நானூத்தி அம்பது எடுத்தேன். ஒரு எடத்துலகூட யாரும் என்னை நீ யாருன்னு கேட்டதில்ல. ஏன்னு நான் யோசிச்சதே இல்ல. எனக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் போய்க் கேட்டு வச்சிருக்காங்க. இங்க வந்து நீங்க வச்சதையெல்லாம் எடுத்தேனே, கேட்டீங்களான்னு ஒரு தடவை உங்ககிட்ட கேட்டேனா?"

எனக்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம் என்று இருந்தது. திட்டினால் பதில் சொல்லத் தெரியும்.

மூன்றாம் நாள் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த அம்மாள் வரப்பில் எலிக்கு வைத்த மூங்கில் கிட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பைப்புக்கு வந்தீங்களா? வீட்ல இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"இல்லம்மா. கேக்க வந்தேன்."

வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தோழி தனியாக எடுத்த நூறாவது, இருநூறாவது, பஸ் ஏறித் திரும்பிய அறை, ஐநூறாவதுக்கு நாங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டது, ஒன்றையும் விடவில்லை. மதகடியில் வேண்டாம் என்றால் வேறெங்காவது கரையோரம் வைக்கிறேன், மாதம் ஒருமுறை நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவ்வளவு கவனமாக என் வீட்டில்கூட யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை. சரி என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"நான் வேணாம்னு சொன்னா வைக்காம இருப்பீங்களா?" என்று கேட்டார்.

"இருப்பேம்மா."

"அப்ப வேணாம் தம்பி."

ஏன் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. இவ்வளவு சொல்லியும் மனசு இரங்காதா என்று கோபமும் கூடவே வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், சொன்னபடி நான் நடக்கிறேனா என்று. "சரிங்கம்மா" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கிட்டியை எடுக்கக் குனிந்தார்.

சாலைக்கு வந்ததும் தோழிக்குப் போன் செய்தேன்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். வேணாம்னுட்டாங்க."

"சரிண்ணா" என்றார். பிறகு, "போன மாசம் திருச்சியில ரெண்டு புதுப் பெட்டி வந்திருக்கு. நான் போகல. நீங்க வேற எடம் கேட்டு வைங்க, அதுவரைக்கும் நானூத்தித் தொண்ணூத்தொம்பதுலயே இருக்கேன்" என்றார்.