எத்தினி வயசு கண்ணுக்கு?

"இது எத்தினி வயசு கண்ணுக்குங்க?"

பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை என்று எந்த எழுத்தைப் பார்த்தாலும் நீலாவதி கேட்கும் கேள்வி இது. எந்த வயதுக்காரர் படிக்கிற அளவில் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ஃபியூஸ் செய்யும் பட்டறை ஒன்றில் அச்சு செதுக்குபவர் அவர். சூளையில் வெந்தால் மண் சுருங்கும். அதில் பதிந்த ஆம்பியர் எண்ணும் சுருங்கும். அதனால் எட்டில் ஒரு பங்கு பெரிதாகச் செதுக்குவார். அளவுகோல் கிடையாது, விரல்தான். வெந்து வரும் ஃபியூஸில் எண் அத்தனை சரியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும்.

1999இல் முதலாளி பாலகிருஷ்ணன் பட்டறைக்கு வெப்சைட் வேண்டும் என்றார். சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டரில் படித்துக்கொண்டிருந்த நீலாவதி, "நான் செய்யறேங்க" என்றார். நன்றாக வந்தால் ஆபீஸ் வேலை. இல்லையென்றால் மறுபடி மண்தூசி. ஏற்கெனவே மூச்சு இழுத்தது, டாக்டர் தூசியே ஆகாது என்றிருந்தார்.

வெப்சைட்டிலும் அதே கணக்கு. எழுத்தை எட்டில் ஒரு பங்கு பெரிதாக்கி, பார்ப்பவர் மாற்ற முடியாதபடி அந்த அளவிலேயே பூட்டினார்.

"இன்னாக்கா, இதுக்கும் சூளையா?" என்று சிரித்தார் கம்ப்யூட்டர் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் விமல்ராஜ்.

"நீ சும்மா இருப்பா."

முதலாளி அறையில் இருந்தது புள்ளிகள் நெருக்கமான புது மானிட்டர். அதில் ஃபியூஸ் பட்டியலின் எழுத்து எறும்பாய்ச் சிறுத்தது. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். எழுத்தைப் பெரிதாக்கும் மெனுவை அழுத்தினார், எழுத்து அசையவில்லை.

"இந்த ஃபியூஸ் அறுவத்து மூணு ஆம்பியரா, எம்பத்து மூணா? நம்மகிட்ட வாங்கறவங்க பாதிப் பேரு என் வயசும்மா."

நீலாவதி குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நம்ம சூளை எவ்ளோ சுருக்கும்னு எனக்குத் தெரியும். அடுத்தவங்க சூளை எனக்கெப்படித் தெரியும்? எழுத்தோட அளவைப் பாக்கறவங்க கையில வுட்டுடணுங்க. நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க."

அன்று சாயங்காலம் சென்டரில் ஒவ்வொரு பூட்டாகக் கழற்றினார். எழுத்து வளர்ந்ததும் பட்டியலின் கட்டம் முட்டியது, கட்டத்தையும் வளரவிட்டார். விமல்ராஜ் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

மறுநாள் முதலாளி மெனுவை அழுத்தினார். எழுத்து வளர்ந்தது. இன்னொரு முறை அழுத்தினார், இன்னும் வளர்ந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியோடு சுவர்வரை பின்னால் போனார்.

"அறுவத்து மூணு" என்று அங்கிருந்தே சத்தமாகப் படித்தார்.

கம்ப்யூட்டரில் எழுத்து வைக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். நீலாவதிக்கு இனி ஆபீஸ் வேலைதான். தூசிக்காகக் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நான்காக மடித்து, முதலாளியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.