ரொட்டி வேனில் ஏறிய மேடு

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. நாள் முழுக்க ஒரே முக்காலி. நாற்பத்தாறு வயதில் ரத்த அழுத்தம் என்று டாக்டர் பயமுறுத்தியதும் ஓடத் தொடங்கினார். ஓட்டத்தைவிட ஓட்டத்துக்கான சாமான்கள்தான் அவருக்கு அதிகம் பிடித்துப்போயின. மேட்டுக்கு ஒரு ஷூ, சமதரைக்கு ஒரு ஷூ, இதயத் துடிப்பு காட்டும் கைக்கடிகாரம், மார்பில் இரண்டு தண்ணீர்ப் பாட்டில் செருகும் மேலங்கி.

"ஓடப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?" என்பாள் மனைவி.

ஓட்டக் குழுவில் அவருக்குத் துணையாக வாய்த்தவள் தபால்காரம்மா. அவரைவிட ஐந்தாறு வயது சின்னவள். பையைச் சுமந்து மாடி மாடியாக ஏறி உரமேறிய கால். வேலைக்குப் போடும் கான்வாஸ் ஷூவிலேயே ஓடுவாள்.

"இதோட மேடு ஏறினா முட்டி தேஞ்சிரும்மா."

"தேயட்டும்ணே. உங்ககிட்ட கொடுத்தா புதுசு பொருத்தித் தர மாட்டீங்களா?"

அந்த வருடம் ஊர்களுக்கிடையே தொடர் ஓட்டம் அறிவித்தார்கள். குழுவில் மலைச்சாலைப் பகுதியை ஓட ஒருவருக்குத்தான் இடம். அதைக் கேட்ட இவர்கள் இருவரும் ஞாயிறு காலை அடிவாரத்துப் பெட்ரோல் பங்கிலிருந்து உச்சித் தண்ணீர்த் தொட்டி வரை எட்டு கிலோமீட்டர் ஓட வேண்டும், முதலில் வருபவருக்கே அந்த இடம் என்று குழுச் செயலாளர் சொல்லிவிட்டார். செயலாளர் மேலே போய்க் காத்திருந்தார்.

முதல் வளைவிலேயே தபால்காரம்மா முந்திவிட்டாள். இரண்டாவது வளைவில் அவள் முதுகும் மறைந்தது. மூன்றாவதில் இவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மேலங்கி நனைந்து கல்லாய்க் கனத்தது. சாலையோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அப்போது ஒரு ரொட்டி வேன் வந்து நின்றது.

"என்னங்க, உடம்பு முடியலையா? ஏறிக்குங்க" என்றார் டிரைவர்.

உண்மையாகவே முடியாமல்தான் ஏறினார். அதுவரை தப்பில்லை. ஆனால் கதவு சாத்தியதும் விரல் தானாகக் கைக்கடிகாரத்தை நிறுத்தியது. ஐந்தாவது வளைவில் அவள் தெரிந்தாள். தலை நிமிர்ந்து, ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தாள். அவர் ரொட்டித் தட்டுகளுக்குக் கீழே குனிந்துகொண்டார். டிரைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசி வளைவுக்கு முன்னால் இறங்கி, வேன் போனதும், மிச்சத்தை நொண்டி நொண்டி ஓடி முடித்தார். செயலாளர் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சிறிது நேரத்தில் தபால்காரம்மா வந்து சேர்ந்தாள். இவரைப் பார்த்துத் திகைத்து நின்றாள். "எப்பண்ணே என்னைத் தாண்டுனீங்க? நான் குழாய்ல முகம் கழுவுனேனே, அப்பவா?"

அவர் தலையை ஆட்டினார். பொய்யைக்கூட அவளே எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

"கைக்கடிகாரம் பாதியில நின்னுபோச்சு" என்று செயலாளரிடம் மட்டும் சொல்லிவைத்தார்.

வீட்டில் மேலங்கியைத் துவைக்கப் போட்ட மனைவி கேட்டாள்: "ஏங்க, இதுல எள்ளு ஒட்டியிருக்கே. ஓடிக்கிட்டே ரொட்டி தின்னீங்களா?" திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

அடுத்த ஞாயிறு தபால்காரம்மா ஓட வரவில்லை. "அவளுக்கு வயசாகிடுச்சாம், வேகம் குறைஞ்சுபோச்சாம். இனிமே நடக்கிறது போதும்கிறா" என்றார் செயலாளர். அன்று கடையில் இவர் ஒரு கிழவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் பொருத்திவிட்டார்.

ஒன்பதாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் தபால் நிலையத்துக்குப் போனார். பின்னறையில் அவள் தெரு வாரியாகக் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. பார்சலா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கை நிற்கவில்லை. கடிதங்கள் ஒவ்வொன்றாக அலமாரிக் கட்டங்களுக்குள் போய்க்கொண்டிருந்தன.

"வேன்லேருந்து என்னைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்படி ஓடிட்டு இருந்தேன்?"

"பிரமாதமா."

இப்போது கை நின்றது. "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. கால் பிடிச்சா யாரா இருந்தாலும் வண்டியில ஏறத்தான் செய்வாங்க. நான் ஒன்பது நாளா என் காலைத் திட்டிக்கிட்டு இருந்தேண்ணே."

அவர் மேசையோரம் சரிந்த ஒரு கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"என்கிட்ட சொன்னது போதாது. குழுவுல நீங்களே சொல்லிடுங்க" என்றபடி அடுத்த கடிதக் கட்டை அவிழ்த்தாள்.

அன்று மாலையே சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை, பட்டியலில் பெயரை அடித்து மாற்றி எழுதினார். அன்றிலிருந்து இவருக்கு 'ரொட்டி வேன்' என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

போட்டியன்று மலைப்பகுதியைத் தபால்காரம்மாதான் ஓடினாள். பதினோரு பேரில் நான்காவதாக வந்தாள். நாலாவது வளைவில் தண்ணீர்க் கோப்பையோடு நின்ற வரிசையில் அவரும் இருந்தார். அவள் அவருக்கு அடுத்து நின்றவரின் கோப்பையை வாங்கிக் குடித்தாள். பார்க்காமல் வாங்கினாளா, பார்த்து வாங்கினாளா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. நீட்டிய கையை மடக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.