கவ்வாத்து வெட்டாத செடி

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை இப்போது ஹோட்டல். கொழுந்தை வாடப் போட்ட மேல்மாடியில் வெள்ளைக்காரர்கள் படுத்துத் தூங்குகிறார்கள். நான் நல்ல சேலை கட்டி, தலையில் கூடையை மாட்டிக்கொண்டு அவர்களுடைய போட்டோவுக்காகக் கொழுந்து கிள்ளுகிறேன். இதற்குச் சம்பளம் வேறு, கேளுங்கள் கூத்தை!

மஸ்கெலியா அணைத் தண்ணீர் தெரிகிற ஏழாம் நம்பர் மலையில்தான் என் மகளைப் புதைத்தோம். நாலு வயது. காய்ச்சல் என்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியில் நோர்வூட்கூடத் தாண்டவில்லை, என் தோளிலேயே போய்விட்டாள். கல் வைக்க வசதியில்லாமல் என் வீட்டுக்காரர் குழிமேல் ஒரு தேயிலைக் கன்றை நட்டார். அப்படி நட்டதில் எங்கள் ஆட்கள் கொழுந்து கிள்ளமாட்டார்கள். கவ்வாத்துக்குச் செடிகளை வெட்டிக் குட்டையாக்க வருகிறவர்களும் அதில் கத்தி வைக்காமல் தாண்டிப் போவார்கள். வெட்டாத தேயிலை மரமாகிவிடும். அதுவும் என்னைவிட உயரமாக வளர்ந்து வெள்ளைவெள்ளையாகப் பூத்தது. அவளை ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அந்த மரம்தான் எனக்கு எல்லாம்.

போன வருஷம் ஹோட்டலுக்கு வந்த புது மேனேஜர் கேட்டார். “இது மட்டும் ஏம்மா இவ்வளவு ஒசரமா நிக்கிது?”

பிள்ளையைப் புதைத்த இடம் என்றால் தோண்டி எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன்.

“வெதைக்கு விட்ட மரங்க சார்,” என்றேன். பழைய தோட்டங்களில் விதைக்கென்று சிலதை வெட்டாமல் விடுவது வழக்கம்தான். பெரிய கெட்டிக்காரி மாதிரி லயத்து வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடமும் அதைச் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனால் மரம் இல்லை. அடியோடு எடுத்து, நிரவி, புல் பதித்து, தண்ணீரைப் பார்க்க இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கேயே விழுந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதேன். மேனேஜர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது.

“ஐயோ, மொதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மா! இனி வெதை எதுக்குன்னுதானே எடுக்கச் சொன்னேன். சுத்தி ஒரு வேலி போட்டு விட்டிருப்பேனே.”

அவரைத் திட்ட எனக்கு வாய் ஏது? என் வாயல்லவா அவளைத் தின்றது.

போட்டோவுக்கு வேறு இடத்தில் நில்லுங்கள் என்றுதான் அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் புல்லில்தான் கூடையோடு நிற்கிறேன். ஏன் வெறுங்காலோடு நிற்கிறீர்கள் என்று சிலர் வழிகாட்டிப் பையனை விட்டுக் கேட்பார்கள். இப்போதெல்லாம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். “இங்கனதாங்க எம்மக இருக்கா.”

அவர்கள் குனிந்து பார்க்கிறார்கள். புல்தான் இருக்கிறது.