காவலரண் பக்கம் போன பந்து

கொழும்பில் அந்தக் கொல்ப் மைதானத்தை வெள்ளைக்காரன் காலத்தில் போட்டார்களாம். பொது மைதானம் என்றுதான் பெயர், கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒருவரும் ஆடப் போனதில்லை. அப்பா மட்டும் போவார், அடுத்தவரின் கொல்ப் மட்டைப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு.

அப்பா பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பிழைக்க வந்தவர். வெள்ளவத்தை டாக்டர் ஒருவருக்கு வருடக்கணக்காக அவர்தான் பை தூக்கினார். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நம்ம ஆள் என்று அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

யுத்தம் முற்றியதும் ஆமி மைதானத்து ஓரத்தில் மணல்மூட்டை அடுக்கிக் காவலரண் போட்டது. மைதானத்தை நடத்திய கிளப்காரர்கள் சும்மா இருப்பார்களா? உடனே ஒரு விதி எழுதி ஒட்டினார்கள். காவலரண் பக்கம் பந்து போனால் குற்றமில்லை, வேறு பந்து வைத்து ஆடலாம். பை தூக்குகிறவன் அந்தப் பக்கம் போனால் என்ன என்று யாரும் எழுதவில்லை.

ஒரு சனிக்கிழமை டாக்டரின் பந்து அங்கே போய் விழுந்தது. புதுப் பந்து, எடுத்துக்கொண்டு வா என்றாராம். அப்பா போனார். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் ஜீப்பில் ஏற்றிப் பொலிஸில் கொடுத்துவிட்டார்கள்.

தெரிந்த பெரிய மனிதர் யாராவது வந்து சொன்னால் விடலாம் என்றார் பொலிஸ்காரர். நான் வெள்ளவத்தைக்கு ஓடினேன். டாக்டர் கேற்றைத் திறக்காமலே கதைத்தார்.

"பிள்ளை, நானும் தமிழன். நான் போய் நிண்டா என்னையும் எல்லோ சந்தேகப்படுவினம்?"

"ஐயா, உங்க பந்த எடுக்கத்தானே போனாரு? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

"ஓம், பாப்பம். நீர் இப்ப போம்."

அவர் போகவில்லை. பயம் எனக்கும் தெரியும், நாங்களும் அதில்தான் கிடந்தோம். ஆனாலும் வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

விசாரித்துக் களைத்து, சில வாரங்களில் அவர்களே அப்பாவை விட்டார்கள். இடது காது கேட்காமல் போயிருந்தது.

"ஜீப்புல ஏத்தறப்ப திரும்பிப் பாத்தேன்மா. அய்யா வேற பந்து வச்சு அடிச்சாரு. நேரா போச்சு," என்றார். அப்போதும் அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது, அப்பாவின் மேலும் வந்தது. டாக்டர் அதற்குள் பை தூக்க வேறு ஆளைப் பிடித்திருந்தார்.

பல வருடம் கழித்து அந்தக் கிளப் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டது. நான் வேலை செய்த அச்சகத்துக்குத்தான் வந்தது. யுத்தகாலப் பகுதியை எழுதியவர் டாக்டர். அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட ஆட்டம் நின்றதில்லை என்று பெருமையாக முடித்திருந்தார். மனிதர் பொய் எழுதவில்லை. அப்பாவை ஏற்றிக்கொண்டு போன சனிக்கிழமையும் நிற்கவில்லை.