சிக்பே செல்லப்பனின் வெள்ளைப் பெட்டிகள்

மரக்காணம் கடற்கரையில் நிற்கும் அத்தனை கப்பல்களின் மருந்துப் பெட்டிகளையும் செல்லப்பன் ஒற்றை ஆளாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார். ‘அத்தனை’ என்றது கொஞ்சம் கூடுதல்தான். ஒரே ஒரு குப்பத்துப் படகுகள். ‘கப்பல்’ என்றது நிரம்பவே கூடுதல். எல்லாம் ஃபைபர் போட்டுகள். ஆனால் மடித்துக் கட்டிய வேட்டியும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக அவர் மணலில் இறங்கி வரும் தோரணையைப் பார்த்தால், போர்க்கப்பல் ஒன்று அவருக்காகவே நங்கூரம் போட்டுக் காத்திருப்பதாகத் தோன்றும்.

“டேய், சிக்குப்பேய் வர்றாருடா! பீடியை எடு!”

பேயும் இல்லை, சிக்கும் இல்லை. கடற்படைக் கப்பலில் நோயாளிகளைக் கவனிக்கும் அறைக்கு ‘சிக்பே’ என்று பெயர். அங்கே மருந்தும் கருவிகளும் குறையாமல், கெடாமல் பார்த்துக்கொண்டவர் செல்லப்பன். ஓய்வு பெற்று ஊர் வந்தவர் அந்த வார்த்தையை ஒருமுறை பெருமையாகச் சொல்லிவிட்டார். குப்பம் அதைத் தன் நாக்குக்குத் தோதாகத் திருத்திக்கொண்டது.

சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த புதுப் படகுகளோடு, படகுக்கு ஒரு வெள்ளைப் பெட்டியும் வந்தது. உள்ளே முதலுதவிச் சாமான்கள். துளித் தண்ணீர் புகாத பெட்டி. மீனவர்கள் அதன் அருமையை உடனே உணர்ந்து பீடியும் தீப்பெட்டியும் வைத்தார்கள். செல்லப்பன் அவற்றை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, பஞ்சையும் கட்டுத்துணியையும் கப்பலில் இருந்த அதே வரிசையில் அடுக்குவார். உப்பளக் காற்றுக்கு இரும்பென்றால் கொள்ளை ஆசை. ஆகவே கத்தரிக்கோலுக்கு வாஸலின் களிம்புப் பூச்சு. தேதி முடிந்த மாத்திரையைக் கண்டால் சொந்தக்காரர் சாவுக்குப் போனவர்போல முகம் வாடும்.

“மாத்திரை என்னா மீனா மாமா, நாறிப்போறதுக்கு?” என்பான் படகுக்கார அய்யனார்.

“நாறுனா உனக்கே தெரிஞ்சிடுமேடா! இது நாறாமலே கெட்டுடும்.”

வீட்டிலும் இதே கூத்துதான். அடுப்படி அலமாரிக்குக் குறுக்கே மரச்சட்டம் அடித்து, எண்ணெய் பாட்டில்களைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். “வூடு என்னா கப்பலா, ஆடறதுக்கு?” என்று அன்றாடம் கேட்டுக்கொண்டிருந்த மனைவி விருத்தாம்பாள், சுனாமிக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

போன மாசியில் அய்யனாருக்குப் பொறுமை போயிற்று. வலைக்கே இடம் போதாத படகில் இந்தப் பெட்டி எதற்கு? “இன்னொருவாட்டி வந்து குடைஞ்சீங்கன்னா, பொட்டியைத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன், பாத்துக்கோங்க.” செல்லப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவன் வீசினால் ஊரே வீசும். அப்புறம் நடுக்கடலில் ஒருவனுக்கு அடிபட்டால் கட்ட ஒரு முழத்துணி இருக்காது.

வீசுவதற்கு நேரம் வரவில்லை. அந்த வாரமே படகைக் கரையேற்றும்போது, கூடப் போயிருந்த கூட்டாளி பாவாடை என்பவனின் உள்ளங்கையை நங்கூரக் கொக்கி கிழித்துவிட்டது. ரத்தத்தைக் கண்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பாவாடையையும் இழுத்துக்கொண்டு செல்லப்பன் வீட்டுக்கு ஓடியது வேறு யாருமில்லை, அய்யனார்தான். செல்லப்பன் பாறைபோல நின்றார். கண் இமைக்காமல் காயத்தைத் துடைத்தார், இறுக்கிக் கட்டினார், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தையல் போட்ட டாக்டர், கட்டு அருமை என்றாராம். அய்யனார் இப்போது பெட்டி இல்லாமல் படகைத் தள்ளுவதில்லை.

இவ்வளவையும் எழுதி, அவர்கள் வீட்டில் நான் வாசித்துக் காட்டியபோது, நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த விருத்தாம்பாள் நிமிர்ந்தாள்.

“பாறையாம், பாறை! ரத்தம்னாலே இவருக்கு ஆவாதுங்க. கப்பல்லயும் சாமானைப் பாத்துக்கறதுதான் இவரு வேலை, கட்டு கட்டறது வேற ஆளு. அன்னிக்குக் கட்டுனது நானு. இவரு அந்தாண்ட திரும்பிக்கினு, கண்ணை இறுக்கி மூடிக்கினாரு. ஆனா ஒண்ணுங்க... பஞ்சுன்னா பஞ்சு, கத்திரின்னா கத்திரி, பொட்டிக்குள்ள கையை வுட்டுப் பாக்காமலே எடுத்து எடுத்துக் குடுத்தாரு.”